சிவசமுத்திரத்துக் கற்பாலங்களும் மறைந்துபோன ஒரு ஜாகீரும்



நம் ஊரின் பெயருக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கிணறு, மற்றொன்று கடவு. கிணற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் அடியாழத்தை நாம் அனைவரும் எட்டிப் பார்த்திருக்கிறோம். கடவு என்பதற்கு வழி, கடந்து செல்லும் இடம் என்று பொருள். ஆகவே கடத்தலைப் பற்றிப் பேசுவது கிணத்துக்கடவுக்காரராகிய நமக்குப் புதிதன்று. இவ்வாரம், நம்முடைய பழைய மாவட்டத்தின் வடகோடியில் காவிரியின் மேல் நிற்கும் கற்பாலங்களைப் பற்றியும், அவற்றைக் கட்டியவருக்குக் கிடைத்துப் பின் மறைந்துபோன ஒரு நிலவுடைமையைப் பற்றியும் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

பழைய மாவட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிவசமுத்திரம் இன்று கருநாடக மாநிலத்தில் இருக்கிறது. எனினும் 1799-இல் திப்பு சுல்தானின் ஆட்சி வீழ்ந்தபின் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அக்காலந்தொட்டு 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை, கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பொள்ளாச்சியையும் பல்லடத்தையும் ஆண்ட அதே கலெக்டர்தான் கொள்ளேகாலையும் ஆண்டார். கோவையிலிருந்து சத்தியமங்கலம் சென்று, திம்பம் மலைப்பாதையின் வளைவுகளில் ஏறி, ஆசனூர்க் காட்டைக் கடந்தால் இன்றும் அங்கே போய்ச் சேரலாம். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தாருடன் அவ்வழியே சென்றபோதுதான் அப்பாலங்களை முதன்முதலாகக் கண்டேன். அருவியைப் பார்க்கச் சென்றவன், பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

காவிரி அவ்விடத்தில் இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஒரு தீவைச் சூழ்ந்துகொள்கிறது. ஒரு கிளை ககனசுக்கி அருவியாகவும் மற்றது பரசுக்கி அருவியாகவும் விழுந்து, கீழே மறுபடியும் ஒன்றாகின்றன. தீவுக்குள் அரங்கநாதர் கோயில் ஒன்று உண்டு. சீரங்கப்பட்டணத்துக்கும் திருவரங்கத்துக்கும் நடுவில் இருப்பதால் அதை நடு அரங்கம் என்று வழங்குவர். ஒரு காலத்தில் அத்தீவில் ஒரு நகரமே இருந்தது. விசயநகரப் பேரரசின் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், கங்கராசன் என்னும் தலைவன் அதை அமைத்தான் என்பர். அவன் மரபின் முடிவைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அரசனின் மகளிர் இருவரிடையே எழுந்த சொற்பூசல், அவர்தம் கணவர் இருவரும் மாமனார்மேல் படையெடுக்கும் அளவுக்கு முற்றியது, நகரம் அழிந்தது, அரச குடும்பம் அருவியோடு போயிற்று. கதையின் ஒவ்வொரு சொல்லும் வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. நகரம் பாழாகித் தீவு காடாகியது மட்டும் உண்மை. நகரத்துக்குள் மக்களைக் கொண்டுவந்த பழைய பாலமும் உடைந்து கிடந்தது.

1791-இல் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் படை நடத்தியபோது, எதிரிக்கு எதுவும் கிட்டக்கூடாது என்று திப்பு சுல்தான் சுற்றுப்புற மக்களையும் கால்நடைகளையும் இத்தீவுக்குள் அனுப்பிவைத்தார். அக்காலத்தில் அத்தீவு ஒளிவிடம். கடப்பதற்கு அரிதாக இருந்ததே அதன் பயன்.

போர்கள் முடிந்தபின் அத்தீவைக் கண்டு வேறு விதமாக எண்ணிய ஒருவர் வந்தார். அவர் பெயர் இராமசாமி முதலியார். மைசூரில் இருந்த ஆங்கில ரெசிடெண்டிடம் பணியாற்றிய நம்பிக்கைக்குரிய ஊழியர். மன்னரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். மேலிடத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் சுமந்து திரியும் பணியினர்க்குப் பொருள் சேரும், பெயர் சேராது. அவரோ தம் பொருளைக் காவிரியில் போட்டார். தீவின் காட்டை அழிக்கச் செய்து, உடைந்து கிடந்த பாலத்தைச் சீர்ப்படுத்தி, இரு கிளைகளின் மேலும் கற்பாலங்கள் நிற்கச் செய்தார். 19-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் இப்பணி முடிந்தது.

அப்பாலங்கள் கட்டப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. நாம் பாலம் என்றவுடன் வளைவுகளை நினைக்கிறோம். இவற்றில் வளைவு கிடையாது. ஆற்றின் அடியில் உள்ள பாறையிலேயே தூண்கள் ஊன்றப்பட்டுள்ளன. தூண்களின்மேல் குறுக்கே கல் உத்திரங்கள். உத்திரங்களின்மேல் பலகைக் கற்கள். நம் கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே கைவினையைக் கல்தச்சர்கள் ஆற்றுக்குள் இறக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். ஆனால் குறுக்கே நீட்டிப் படுக்கவைத்தால், நீளம் கூடக்கூட நடுவில் முறியும் தன்மை உடையது. ஆதலால் உத்திரங்கள் குறுகியவையாக இருக்கவேண்டும். தூண்கள் நெருக்கமாக நிற்கவேண்டும். அந்த நெருக்கமே பாலத்தின் வலிமை. அதுவே அதன் குறையும்கூட. சாதாரணக் காலத்தில் தண்ணீர் தூண்களுக்கிடையே பிரிந்து எளிதில் ஓடிவிடும். பெருவெள்ளம் மரங்களையும் புதர்களையும் வாரிக்கொண்டு வரும்போது அவை தூண்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அப்போது பாலமே அணையாகிவிடும். ஆற்றின் முழுப் பாரமும் அதன்மேல் சாயும். எனவே இத்தகைய பாலத்துக்கு ஆண்டுதோறும் ஒருவர் வேண்டும். மழைக்கு முன் தூண்களிடையே தங்கிய குப்பையை எடுக்கவும், வெள்ளம் வடிந்தபின் எந்தக் கல் அசைந்தது என்று பார்க்கவும் ஒரு கண் வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலியாரின் பணிக்குப் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் காவிரி இரண்டு ஆட்சிகளின் எல்லை. ஒரு கரை மைசூர் அரசுக்கு உரியது. மறுகரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு கரைகளையும் இணைத்தவருக்கு இரு ஆட்சிகளும் கிராமங்களை ஜாகீராகக் கொடுத்தன. ‘ஜனோபகார காமகர்த்தா’ என்னும் பட்டமும் வந்தது. பொதுமக்களுக்கு நன்மை செய்ய விரும்பிச் செய்தவர் என்பது அதன் கருத்து. கணக்கெழுதிய கை ஒரு சிறு நாட்டுக்கு உடையவராயிற்று. சிவசமுத்திரத்து ஜாகீர்தார் என்று அவர் மரபினர் அழைக்கப்பட்டனர்.

ஆனால் பாலங்களுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. ஒன்று லஷிங்டன் பாலம். 1827 முதல் 1832 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஸ்டீபன் லஷிங்டனின் பெயர் அது. மற்றொன்றை வெஸ்லி பாலம் என்று ஊரார் வழங்குகிறார்கள். செலவு ஒருவருடையது, உழைப்பு பெயர் தெரியாத கல்தச்சர்களுடையது, பெயரோ ஆங்கிலேயருடையது. ஆளுநரின் பெயரைப் பாலத்துக்கு இடுவது அந்நாளில் கண்ணியமான வழக்கம் என்பதால், முதலியார் அதைக் குறையாகக் கருதியிருக்கமாட்டார். என்றாலும் இன்று அப்பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வோரிடம் லஷிங்டன் யார் என்று கேட்டாலும் தெரியாது. இராமசாமி முதலியார் யார் என்று கேட்டாலும் தெரியாது.

ஜாகீரும் நிலைக்கவில்லை. நாடு விடுதலை பெற்றபின் சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டின் சட்டமும், மைசூரில் 1950-களில் வந்த சட்டங்களும் ஜமீன், இனாம் முதலிய பழைய நில உரிமைகளை முடிவுக்குக் கொண்டுவந்தன. அது நியாயமான முடிவே. உழுதவன் கையில் நிலம் இருக்கவேண்டும் என்பதை மறுப்பவன் நான் அல்லன். நம் பக்கத்து ஊற்றுக்குளி, சமத்தூர் ஜமீன்களின் அதிகாரமும் அவ்வாறே பழங்கதையாயிற்று. ஆனால் இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பாலத்தைக் கட்டியதற்காக ஜாகீர் வந்தது. பரிசாக வந்தது போய்விட்டது. பரிசுக்குக் காரணமான வேலையோ ஆற்றில் நிற்கிறது. பட்டயமும் பட்டமும் தந்த இரண்டு அரசுகளும்கூட இன்று இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. இலண்டன் மாநகரின் தென்கிழக்கு ஓரத்தில் புட்ஸ் கிரே என்னும் பண்ணை மாளிகை ஒன்று இருந்தது. 1949-இல் தீப்பற்றி அது அழிந்தது. மாளிகையின் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்றாற்றின் குறுக்கே கட்டிய ஐந்து வளைவுப் பாலம் மட்டும் இன்றும் நிற்கிறது. பிரபுவின் விருந்தினர் உலாவிய இடத்தில் இன்று பொதுமக்கள் பிள்ளைகளோடு நடந்து போகிறார்கள். மாளிகை உடையவருக்காகக் கட்டப்படுவது. அவர் போனால் அதுவும் போகிறது. பாலத்தையோ யார் வேண்டுமானாலும் கடக்கலாம். ஆகவே அதை வேண்டுபவர் எப்போதும் இருக்கிறார்கள்.

நம் தமிழகத்தில் தம் பொருளால் பாலம் கட்டிய வேறு இருவரை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தாமிரபரணியில் அவர் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயரோடு, அன்றாடம் வாகனங்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மற்றவர் ஆர்மீனியக் கிறிஸ்தவரான கோஜா பெத்ரூஸ் உஸ்கான். சென்னையில் வாணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். பரங்கிமலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்கப் படும் துன்பத்தைக் கண்டு, 1726-இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். மலைமேல் ஏறும் படிகளையும் அமைத்தார்.

உஸ்கானின் வாழ்வு நமக்கு நெருங்கியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சேர மறுத்துத் தம் உடைமைகளை இழந்தார். 1751-இல் இறந்து, வேப்பேரியில் தாம் கட்டிய சிற்றாலய வளாகத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். அடுத்த ஆண்டில் அவ்வாலயம் அரசாங்கத்தால் சீர்திருத்தத் திருச்சபையின் ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் பப்ரிசியுஸ் ஐயர். வேதாகமத்தைத் தமிழாக்கியவராக நாம் நன்றியோடு நினைக்கும் அதே ஊழியர். உஸ்கானின் சொத்து சிதறியது. பாலமும் 1960-களில் புதிய மறைமலையடிகள் பாலத்துக்கு இடம் கொடுத்து மறைந்தது. பொதுநன்மைக்காக இவர் இதைக் கட்டச் செய்தார் என்று அறிவிக்கும் கல்வெட்டு மட்டும் எஞ்சியது. சிவசமுத்திரத்தில் பாலம் நிற்கிறது, பெயர் போயிற்று. சைதாப்பேட்டையில் பெயர் நிற்கிறது, பாலம் போயிற்று.

ஆனால் உஸ்கான் செய்த இன்னொரு செயல் என் கவனத்தை ஈர்க்கிறது. பாலத்தைக் கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. அதைப் பழுதுபார்த்து வருவதற்கென்றும் தனியே பணம் ஒதுக்கிவைத்தார். கொடுப்பவர்கள் பலர், தாம் இல்லாத காலத்தில் தம் கொடை என்ன ஆகும் என்று எண்ணிக் கொடுப்பவர் சிலரே.

இனி 2018-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கியது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று கணக்குத் தீர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாம் ஆற்றைப் பங்கிட்டுப் பார்த்த வழக்கு அது. சில மாதங்களில் மழை எவர் கணக்கையும் கேளாமல் பெய்தது. கிருஷ்ணராச சாகரமும் கபினியும் நிறைந்து திறந்துவிடப்பட்டன. ஜூலையில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. நாம் மகிழ்ந்தோம். அதே வெள்ளந்தான் சிவசமுத்திரத்து வெஸ்லி பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று.

அப்போது அப்பாலத்தின்மேல் பேருந்துகள் ஓடவில்லை. போக்குவரத்துக்குப் புதிய பாலம் வந்துவிட்டது. எனவே உயிர்களுக்குத் தீங்கு இல்லை. ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வெள்ளத்துக்கு ஈடுகொடுத்து நின்ற கற்கள் சரிந்தன. ஜாகீர்தார் இருந்த காலத்தில், பாலம் தம் முன்னோரின் பெயர்பெற்ற செயல் என்பதற்காகவேனும் அதை ஏறெடுத்துப் பார்க்க ஒரு வீட்டார் இருந்தனர். பேருந்து ஓடிய காலத்தில், அது தேவை என்பதற்காக ஒருவர் பார்த்திருப்பார். உடைமையும் போய், தேவையும் குறைந்தபின், அது எல்லாருக்கும் உரியதாயிற்று. எல்லாருக்கும் உரியதை யார் பார்ப்பது?

திருமறையை நன்கு அறிந்த நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஆறுகளைக் கடக்கும் நிகழ்ச்சிகள் அதில் பல உண்டு. ஆனால் பெரும்பாலும் துறைகளில் இறங்கித்தான் கடக்கிறார்கள். யாக்கோபு யாபோக்கு ஆற்றின் துறையைக் கடந்தான். நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் யோர்தானின் துறைகளில் நடந்ததோ கொடிய நிகழ்ச்சி. கீலேயாத்தியர் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்தவர்களை ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். ஷிபோலேத் என்று சொல்லத் தெரியாமல் சிபோலேத் என்றவர் எவரும் உயிர் தப்பவில்லை. அக்காலத்தில் எப்பிராயீமில் மாண்டவர் 42,000 பேர். நாவு ஒரு எழுத்தில் தவறியது. அதனால் கடவு கொலைக்களமாயிற்று.

காவிரியின் பெயரால் 1991-இல் கருநாடகத்தில் மூண்ட கலவரத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேச்சின் ஓசையைக் கொண்டு ஆளை அடையாளம் கண்ட நாள்கள் அவை. இரு மொழியாரும் அக்கரை இக்கரை என்று பிரிந்து நின்ற அதே ஆற்றில், எந்த மொழியில் பேசுகிறாய் என்று எவரையும் கேட்காமல் இரு கரையாரையும் தோளில் சுமந்த கற்கள் சிவசமுத்திரத்தில் நின்றன. அவற்றைக் கட்டச் செய்தவர் நன்மையைத் தம் கரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்துகிறது. ஜாகீர் இல்லாமல் போனாலும் அது பொய்யாகவில்லை.

அன்பானவர்களே, இதை எழுதும்போது என் மனச்சான்று என்னை ஓரிடத்துக்கு இழுத்துப் போகிறது. நம் ஆலய வளாகத்தின் பின்புறம் உள்ள பழைய கிணற்றை நீங்கள் அறிவீர்கள். அதை வெட்டிக் கொடுத்தவரின் குடும்பம் ஊரைவிட்டுப் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. குழாய்த் தண்ணீர் வந்தபின் அதில் இறைப்பவர் இல்லை. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. சபைக் கமிட்டியில் ஒவ்வொரு முறையும் அது பேச்சுக்கு வருகிறது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று நானே ஒத்திவைத்திருக்கிறேன். முந்தைய ஆயர் காலத்துக் காரியம் என்று ஒருமுறை சொன்னதும் நினைவிருக்கிறது. அச்சொல்லுக்காக இன்று வெட்கப்படுகிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதன் பக்கத்தில்தான் ஓடி விளையாடுகிறார்கள்.

கொடுத்தவர் போய்விட்டார் என்றால் கொடை அநாதையாகிவிடக் கூடாது. அதைப் பயன்படுத்தியவர்களே அதன் வாரிசுகள். நிலத்துக்கு வாரிசு பட்டயத்தால் வருகிறான். பொதுநன்மைக்கு வாரிசு, பொறுப்பை ஏற்பதனால் வருகிறான். நாம் படித்த பள்ளி, பிறந்த மருத்துவமனை, நடந்த பாலம், குடித்த கிணறு ஆகியவற்றில் எத்தனையை நாம் கட்டினோம்? பெயர் அறியாத எவரோ கட்டியதைக் கடந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். நம் எல்லாருக்கும் முன்னே வழியைத் திறந்த ஆண்டவர், பின்னே வருகிறவர்களுக்கு அவ்வழியை அடைத்துவிடாதிருக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கிணற்றடியில் நான் இருப்பேன். சுவர் கட்டத் தெரிந்த சகோதரர் இருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மணலும் சிமெண்டும் வந்துவிடும். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் கைகளோடு வாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தச் சுவர் எழும்பி நிற்கவேண்டும்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்